யாழ் நகரின் பொருளாதாரத்துக்குப் பொறுப்பாளர் யார்?

யாழ்ப்பாணக் குடாநாட்டின் பொருளாதார அபிவிருத்தி பற்றி எம்மிடையே எழுதுவோரையும் பேசுவோரையும் இரு சாராராக வகுக்கலாம். அரசியல் அதிகாரம் கைக்கு வராதவரை பொருளாதாரத்தைத் திட்டமிடுவது மணலைக் கயிறாகத் திரிக்கும் வேலை என்பது ஒரு சாராரின் வாதம். அரசியலைச் சற்றே ஒதுக்கிவைத்து முதலீட்டாளரை வருந்தி அழைத்தால் ஏனையவை தாமாகவே நிகழும் என்பது மறுசாராரின் வாதம். இவ்விரு சாராரும் மேடைகளில் ஒருவரையொருவர் கடுமையாகச் சாடிக்கொள்வர். எனினும் கூர்ந்து நோக்குமிடத்து, அடிப்படையான ஒரு விடயத்தில் இவர்களிடையே எத்தகைய பேதமும் இல்லை என்பது புலனாகும். இக்குடாநாட்டின் பொருளாதாரத்தை நெறிப்படுத்தும் பொறுப்பு இங்கு வாழ்வோருடையதன்று என்பதே அவ்வுடன்பாடு. ஒருவர் கொழும்பையும் புதுடில்லியையும் ஜெனீவாவையும் பார்த்திருக்கிறார். மற்றவர் ரொறன்ரோவையும் இலண்டனையும் பார்த்திருக்கிறார். பார்த்திருத்தல் என்ற தொழிலை மட்டும் இருவரும் விடுவதாயில்லை.

இப்பழக்கம் நேற்று வந்ததன்று. மலாயாவிலிருந்தும் கொழும்பிலிருந்தும் வந்த பணத்தைக் கொண்டு வீடு கட்டி, சீதனம் கொடுத்து, பிள்ளையைப் படிப்பித்து மீண்டும் வெளியே அனுப்பிய சமூகம் இது. 'மணியோடர் பொருளாதாரம்' என்று எம் முன்னோர் பெயரிட்டதை இன்று வங்கிக் கணக்குக்கு வரும் வெளிநாட்டுப் பணம் தொடர்கின்றது. பெயர் மட்டுமே மாறியுள்ளது. அரசு தந்த தொழிற்சாலைகளும் இவ்வகையினவே. ஜீ. ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராயிருந்த காலத்தையொட்டி எழுந்த காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950 ஆம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கியது. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அது சோறு போட்டது என்பதை மறுப்பார் இல்லை. ஆயினும் அது தலைநகரிலிருந்து நடத்தப்பட்ட அரசின் தொழிற்சாலை. குடாநாட்டின் சுண்ணக்கல்லை எவ்வளவு ஆழத்துக்கு அகழலாம், அகழ்ந்த குழிகளால் நன்னீருக்கு நேர்வது யாது என்ற கேள்விகளைக் கேட்கும் உரிமை படைத்த உள்ளூர் அமைப்பு எதுவும் அன்று இருக்கவில்லை. 1990 இல் போர் காரணமாக ஆலையின் இயக்கம் நின்றபோதும், அதற்கு மாற்றாக என்ன செய்வது என்று சிந்திக்கவேண்டிய அமைப்பும் இருக்கவில்லை.

கமத்தொழிலின் கதையும் இதுவே. 1970 இன் பின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் வந்தபோது மிளகாயும் வெங்காயமும் வலிகாமத்துக் கமக்காரனைத் தலைநிமிர வைத்தன. 1977 இன் பின் கதவுகள் திறந்துவிடப்பட்டபோது அதே கமக்காரன் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். அவனது உழைப்பில் இடையில் எந்த மாற்றமும் நிகழவில்லை. கொழும்பில் ஒரு வர்த்தமானி அறிவித்தல் மாறியது, அவ்வளவே. அந்த ஏழு ஆண்டு வளத்தைக் களஞ்சியமாகவோ, பதனிடும் ஆலையாகவோ, கமக்காரரின் சொந்த வங்கியாகவோ மாற்றிவைக்க யாரேனும் இருந்திருந்தால் வீழ்ச்சி அத்துணைக் கொடியதாய் இருந்திராது. வளத்தின் பெரும்பகுதி கல்வீடுகளாகவும் உழவு இயந்திரங்களாகவும் சீதன நகைகளாகவும் உருமாறியது.

எனின், எம்மவர்க்கு ஒன்றுகூடிப் பொருளாதாரத்தை நடத்தும் ஆற்றலே இல்லை என்று முடிவுகட்டலாமா? அது வரலாற்றுக்கு மாறானது. குடியேற்ற ஆட்சிக் காலத்திலேயே, வாக்குரிமை பரவலாகாத 1929 இல், யாழ்ப்பாணத்தில் கூட்டுறவு மாகாண வங்கி தோன்றியது. திருவிதாங்கூருக்குப் புகையிலை அனுப்பிவந்த கமக்காரர், இடைத்தரகரின் பிடியிலிருந்து விடுபடும்பொருட்டு 1930 களில் மலையாளப் புகையிலை விற்பனவுக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்துத் தம் பொருளைத் தாமே தரம்பிரித்து, தாமே கப்பலேற்றினர். 1936 இல் மூளாய் மக்கள் ஒரு கூட்டுறவு வைத்தியசாலையை நிறுவினர். இவற்றைச் செய்தவர்கள் சமஷ்டி வரும்வரை காத்திருக்கவில்லை. வெளிநாட்டு முதலீட்டாளரைத் தேடி அலையவுமில்லை. இன்று நாம் கூட்டங்கள் வைக்கும் வீரசிங்கம் மண்டபம் ஒரு கூட்டுறவாளரின் பெயரைத் தாங்கியது என்பதுகூட எம் மாணவரில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அந்த இயக்கத்துக்கு நேர்ந்த கதி தனியாக ஆராயப்படவேண்டியது. சுதந்திரத்தின் பின் இந்திய இறக்குமதிக் கட்டுப்பாடுகள் மலையாளச் சந்தையை மூடின. கூட்டுறவு வங்கிகளின் பணி 1961 இல் மக்கள் வங்கியிடம் சென்றது. 1970 களின் தொடக்கத்தில் சிறு சங்கங்கள் பெருஞ் சங்கங்களாக மேலிருந்து இணைக்கப்பட்டன. அங்கத்தவரின் சொத்தாயிருந்த சங்கம் அரசின் பங்கீட்டுக் கடையாயிற்று. தலைவர் பதவி கட்சிக்காரரின் படிக்கட்டாயிற்று. கூட்டுறவு தோல்வியுற்றது என்று இன்று கூறுவோர், அதைக் கூட்டுறவு அல்லாததாக்கியது யார் என்பதையும் சேர்த்துக் கூறுதல் வேண்டும்.

இனி முதலாம் சாராரின் வாதத்துக்கு வருவோம். அதில் பாதி உண்மை என்பதை ஏற்றுக்கொண்டே மறுபாதியை மறுக்கவேண்டியுள்ளது. உள்ளூர் மக்களே தம் அபிவிருத்தியைத் திட்டமிடுவர் என்ற அலங்காரத்துடன் 1980 இல் மாவட்ட அபிவிருத்திச் சபைகளுக்கான சட்டம் வந்தது. 1981 யூன் 4 ஆம் நாள் தேர்தல் நடைபெற்றது. அத்தேர்தலுக்கு நான்கு நாட்களுக்கு முன்னர் தொடங்கிய வன்செயலில், இந்நகரம் சல்லி சல்லியாகச் சேர்த்துக் கட்டிய பொது நூலகம் எரிந்து சாம்பலாயிற்று. அபிவிருத்தி என்ற சொல்லும் நூலகத்தின் புகையும் எம் நினைவில் பிரிக்கமுடியாதவாறு பிணைந்திருப்பதன் காரணம் இதுவே. வெற்றிபெற்றோருக்குக் கிடைத்த சபையோ நிதியுமின்றி அதிகாரமுமின்றி, சனாதிபதி நியமித்த மாவட்ட அமைச்சரின் நிழலில் சில ஆண்டுகளிலேயே செயலற்றுப்போயிற்று.

அதன் பின்னர் வந்ததும் பெருமைப்படத்தக்கதன்று. 1949 இல் மாநகர சபையாக உயர்ந்த எமது நகரசபை, 1983 இன் பின் ஏறத்தாழ ஒன்றரைத் தசாப்தம் தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர் இன்றியே கிடந்தது. 1998 இல் மீண்டும் தேர்தல் நடந்தபோது அவ்வாண்டிலேயே இரு முதல்வர்கள், மே மாதத்தில் சரோஜினி யோகேஸ்வரனும் செப்ரெம்பரில் பொன். சிவபாலனும், கொல்லப்பட்டனர். 1975 இல் முதல்வராயிருந்த அல்பிரட் துரையப்பா கொல்லப்பட்டதையும் சேர்த்தால், ஒரு சிறு நகரம் தன் முதல்வர்களை எவ்வாறு நடத்தியது என்பது விளங்கும். இதில் கொழும்பை மட்டும் குற்றஞ்சாட்டித் தப்பிவிட முடியாது. 2013 இல் தெரிவான வட மாகாண சபை 2018 ஒக்ரோபரில் காலாவதியானது. அதன் பின் பல ஆண்டுகள் மாகாணம் ஆளுநரின் கையிலேயே இருந்து வந்துள்ளது. உள்ளூராட்சிச் சபைகளும் 2023 மார்ச்சில் கலைந்து, 2025 மே மாதத் தேர்தல் வரை அதிகாரிகளாலேயே நடத்தப்பட்டன. ஆகவே அதிகாரம் இல்லை என்ற முறைப்பாடு பொய்யன்று. நாம் மறுப்பது, அதிகாரம் இல்லாதவிடத்து அறிவும் ஒழுங்கமைப்பும் இருக்கவேண்டியதில்லை என்ற அதன் மறைமுக முடிவையே.

உள்ள அதிகாரத்தை நாம் எவ்வாறு கையாளுகிறோம் என்று பார்ப்போம். யாழ் மாவட்டத்தில் ஒரு மாநகர சபை, 3 நகர சபைகள், 13 பிரதேச சபைகள் என 17 உள்ளூராட்சிச் சபைகள் உள்ளன. இவற்றுக்குச் சமாந்தரமாக மாவட்டச் செயலகமும் பிரதேச செயலகங்களும் வேறொரு கோட்டில் கொழும்பிலிருந்து இறங்கி வருகின்றன. மாகாணத் திணைக்களங்கள் மூன்றாவது கோடு. நகர அபிவிருத்தி அதிகார சபை போன்ற நிறுவனங்கள் நான்காவது. ஒரு சந்தைக் கட்டடத்தின் கூரையைத் திருத்துவதற்கு இந்நான்கில் எதை நாடுவது என்பதை அறிந்தவர் எம் ஊரில் பெரும் பண்டிதராக மதிக்கப்படுகிறார்.

சந்தையை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. இக்குடாநாட்டின் உண்மையான பொருளாதாரம் கருத்தரங்க மண்டபங்களில் இல்லை. அதிகாலை நான்கு மணிக்குத் திருநெல்வேலியிலும் சுன்னாகத்திலும் மருதனார்மடத்திலும் கொடிகாமத்திலும் இருக்கிறது. அங்கே கமக்காரன் நூறு கிலோ கத்தரிக்காயை இறக்கினால் பத்துக் கிலோவைக் 'கழிவு' என்று கழித்துவிட்டு எஞ்சியதற்கே பணம் கொடுக்கும் வழக்கம் நெடுங்காலமாக நிலவி வந்துள்ளது. அழுகலுக்காக என்பர், பழுதில்லாத பொருளிலும் கழிவு கழியும். விதை, உரம், எண்ணெய், கூலி யாவும் நூறு கிலோவுக்குச் செலவாகின்றன. வருமானம் தொண்ணூறுக்கே. உற்பத்தியின் பத்திலொரு பங்கை வரியாகப் பெறும் அரசொன்று இருந்தால் அதற்கெதிராக நாம் எத்தனை ஊர்வலம் நடத்தியிருப்போம்! இக்கழிவை நிறுத்தவேண்டுமென்று கமக்காரர் அமைப்புகள் பலமுறை குரலெழுப்பியுள்ளன. அதிகாரிகளின் கூட்டங்களில் தீர்மானங்களும் எடுக்கப்பட்டுள்ளன. தீர்மானம் எடுக்கப்பட்ட பின்னரும் கழிவு திரும்பத் திரும்பத் தலைகாட்டியது.

ஏன்? வியாபாரிகள் எல்லாரும் கொடியவர் என்பது விடையன்று. சந்தைகள் வெவ்வேறு சபைகளுக்கு உரியவை. ஒவ்வொரு சபையும் சந்தை வரியை அறவிடும் உரிமையைக் குத்தகைக்கு விட்டு வருமானம் பெறுகிறது. ஒரு சபை தன் சந்தையில் கழிவைக் கண்டிப்பாகத் தடுத்தால், மொத்த வியாபாரி தன் லொறியை மூன்று மைல் தொலைவிலுள்ள அயற் சபையின் சந்தைக்குத் திருப்பிவிடுவான். வியாபாரி போனால் கமக்காரனும் போகவேண்டியதுதான். சந்தை வெறிச்சோடும், அடுத்த ஆண்டுக் குத்தகைத் தொகை விழும், தவிசாளர் நியாயம் செய்தமைக்காகத் தோற்றுப்போவார். பதினேழு சபைகளும் ஒரே நாளில் ஒரே விதியை நடைமுறைப்படுத்தினாலன்றி இந்நோய் தீராது. ஓர் ஊரின் பொருளாதார முயற்சிகளை ஒழுங்கமைத்தல் என்று நாம் கூறுவதன் பொருள் இதுவே.

ஒழுங்கமைப்பு இன்றிக் கட்டடம் மட்டும் எழுந்தால் நிகழ்வது யாது என்பதற்கு மட்டுவில் சான்று. விசேட பொருளாதார மத்திய நிலையம் என்ற பெயரில் பெருந்தொகை செலவிடப்பட்டு 2022 மார்ச்சில் ஆரவாரத்துடன் அது திறந்துவைக்கப்பட்டது. திறந்தவர்கள் கொழும்புக்குத் திரும்பினர். கமக்காரரும் வியாபாரிகளும் தத்தம் பழைய சந்தைகளுக்கே திரும்பினர். நிலையம் நெடுங்காலம் வெறுமையாய்க் கிடந்தது. எந்தச் சந்தையின் மொத்த வியாபாரம் அங்கு மாறும், வலிகாமத்துக் கமக்காரன் தென்மராட்சிக்குப் பொருளைக் கொண்டுசெல்லும் கூலியை யார் கொடுப்பது, பழைய சந்தைகளின் வருமானத்தை இழக்கும் சபைகளுக்கு ஈடு என்ன என்பவற்றை முன்கூட்டிப் பேசித் தீர்க்கும் மன்றம் எதுவும் இருக்கவில்லை.

குப்பையின் கதை இன்னும் வெட்கக்கேடானது. மாநகரத்தின் கழிவுகள் கல்லுண்டாய் வெளியில், அயற் பிரதேச சபையின் எல்லைக்குள் கொட்டப்படுகின்றன. நகரம் தன் செல்வத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டு தன் அழுக்கை மட்டும் கிராமத்துடன் பகிர்ந்துகொள்கிறது. கமத்தொழிலுக்குப் பசளையாக வேண்டிய பொருள் வெளியில் புகைந்துகொண்டிருக்க, கமக்காரன் இரசாயன உரத்துக்குக் கடன்படுகிறான்.

நீரைப்பற்றிக் கூறாமல் இக்குடாநாட்டின் பொருளாதாரம் பற்றி ஒரு வசனமும் எழுதலாகாது. வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத நிலம் இது. மாரிமழை சுண்ணக்கற் படைக்குள் இறங்கித் தங்குவதே எமது முழு இருப்பு. அதற்கு எல்லைக் கற்கள் தெரியா. ஒரு பிரதேச சபையின் தோட்டத்தில் இட்ட உரம் இன்னொரு சபையின் கிணற்றில் நைத்திரேற்றாக வெளிப்படும். சுன்னாகத்தில் மின் நிலையத்தை அண்டிய கிணறுகளில் எண்ணெய் கலந்தமை பெரும் கிளர்ச்சிக்கு இடமளித்து, 2019 இல் உயர் நீதிமன்றம் இழப்பீடு வழங்குமாறு தீர்ப்பளிக்கும் வரை சென்றது. இரணைமடுவிலிருந்து நீரைக் கொண்டுவரும் திட்டம் கிளிநொச்சிக் கமக்காரரின் நியாயமான அச்சத்தால் தடைப்பட்டது. தமிழர் தமிழருடன் பேசித் தீர்க்கவேண்டிய அவ்விடயத்தைக்கூட நாம் மேடைப் பேச்சுகளாலேயே அணுகினோம். ஈற்றில் 2024 இல் தாளையடியில், நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம், ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியுடன் திறக்கப்பட்டது. நீர் கிடைப்பது நன்றே. ஆயினும் வானம் இலவசமாகத் தரும் நீரைக் குளங்களில் தேக்காது கடலுக்கு விட்டுவிட்டு, அதே கடலிலிருந்து மின்சாரம் செலவிட்டு நீரை மீட்கும் பொருளாதாரத்தை எம் பேராசிரியர் எவரேனும் கணக்கிட்டுக் காட்டினால் நன்றியுடையவராவோம்.

இரண்டாம் சாராரின் முதலீட்டாளர் எங்கே? அவர் வரவில்லை என்று சொல்வதற்கில்லை. போர் முடிந்து வீதி திறந்ததும் வங்கிகளும் குத்தகைக் கொம்பனிகளும் பேரங்காடிகளும் வந்திறங்கின. 2014 இல் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. 2019 இல் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. பாதைகள் யாவும் இருவழிப் பாதைகள் என்பதை எம்மவர் மறந்துவிட்டனர். வந்த பாதையிலேயே சேமிப்பு வெளியேறியது. நுண்கடன் என்ற பெயரில் வந்த கடன், கணவனை இழந்த பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களை வாராந்த அறவீட்டுக்கு அஞ்சி ஒளியச் செய்தது. 2018 இல் அரசே ஒரு கடன் நிவாரணத் திட்டத்தை அறிவிக்கவேண்டிய அளவுக்கு அந்நிலை முற்றியது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றின் மின் திட்டத்தை எடுத்துக்கொள்க. முதலில் சீனக் கொம்பனியொன்றுக்கு என்றனர். பின்னர் இந்திய நன்கொடை என்றனர். இரு வல்லரசுகளின் கௌரவம் அளந்து பார்க்கப்பட்டது. அத்தீவுகளின் கடற்றொழிலாளருக்கு ஐஸ் தொழிற்சாலைக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்று அளந்தவர் இலர்.

முதலீட்டை நாம் வெறுக்கவில்லை. கேட்போன் இன்றிக் கொடுப்போன் மட்டும் உள்ள இடத்தில் அது அபிவிருத்தி ஆகாது என்கிறோம். இந்திய நன்கொடையில் எழுந்த பதினொரு மாடிக் கலாசார மையத்தை யார் நடத்துவது, எப்பணத்தில் நடத்துவது என்ற கேள்வி, கட்டி முடித்த பின்னரே எம் மாநகர சபையின் மேசைக்கு வந்தது நினைவிருக்கும்.

ஒருமுறை நகர அபிவிருத்தி பற்றிய ஒரு பயிலரங்கில் அமர்ந்திருந்தேன். நகரின் பெயரை நீக்கிவிட்டால் மணிலாவுக்கோ நைரோபிக்கோ பொருந்தக்கூடிய திட்டம் ஆங்கிலத்தில் விளக்கப்பட்டது. மதிய உணவு சிறப்பாக இருந்தது. சபையில் கடற்றொழிலாளர் ஒருவரும் இல்லை.

வெளியுலகம் நமக்குக் கற்பிக்க எதுவுமில்லை என்பதன்று. எம் புகையிலையை மென்ற அதே மலையாள நாட்டைப் பாருங்கள். 1996 இல் கேரள அரசு மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கி, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம்வரை உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்தது. எமக்கு அத்தகைய அரசு இல்லை என்று உடனே மறுப்பர். ஆனால் நிதி செலவழிக்கப்படுவதற்கு முன்னர் அங்கு நிகழ்ந்ததை அவர்கள் கவனிப்பதில்லை. கிராம சபைகளில் மக்கள் கூடித் தம் குறைகளைக் கூறினர். ஆசிரியரும் ஓய்வுபெற்ற பொறியியலாளரும் அறிவியல் இயக்கத்தினரும் ஒவ்வோர் ஊராட்சிக்கும் அபிவிருத்தி அறிக்கை எழுதினர். எவ்வூரில் என்ன விளைகிறது, யார் நிலமற்றவர், எக்குளம் தூர்ந்தது என்பன ஏட்டில் ஏறின. ஓய்வுபெற்ற அதிபர்களும் பொறியியலாளர்களும் மலிந்த நிலமல்லவா இது! அவர்களுக்குக் கோயில் அறங்காவலர் சபை வழக்குகளைத் தவிர வேறு வேலையை நாம் கொடுத்ததுண்டா?

ஆகவே எமது கோரிக்கை இது. பதினேழு சபைகளும் கூடிப் பொருளாதாரக் கூட்டவை ஒன்றை அமைத்தல் வேண்டும். சபைகளின் பிரதிநிதிகளுடன் கடற்றொழிலாளர் சங்கங்களும், பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்களும், கமக்காரர் அமைப்புகளும், சிக்கனக் கடனுதவுச் சங்கங்களும், வணிகர் கழகமும், பல்கலைக்கழகமும் அதில் இடம்பெறவேண்டும். கூடிப் பேசவும் கணக்கெடுக்கவும் எச்சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. முதலாவது பணி, குடாநாட்டுக்குள் வரும் பொருள் எவ்வளவு, வெளியேறும் பொருள் எவ்வளவு, இங்கு சேமிக்கப்படும் பணம் எங்கே கடனாகிறது என்ற வரவுசெலவேடு. இரண்டாவது, சந்தைக்குப் பொது விதி. மூன்றாவது, குளங்களும் கிணறுகளும் கழிவும் பற்றிய ஒரே திட்டம். இவை முடிந்த பின்னரே முதலீட்டாளருக்குக் கடிதம் எழுதவேண்டும். அப்போது எதைக் கேட்பது என்பதாவது தெரிந்திருக்கும்.

ஓர் எச்சரிக்கை அவசியம். 'ஊர்ப் பெரியவர்கள்' கூடும் அவையாக இது மாறுமாயின் அமைக்காமல் விடுவதே மேல். இக்குடாநாட்டில் ஊர் என்ற சொல் எல்லாரையும் ஒருபோதும் குறித்ததில்லை. காணியற்றோர், சீவல் தொழிலாளர், நகரசுத்தித் தொழிலாளர், இடம்பெயர்ந்து முகாம்களில் தலைமுறை கழித்தோர், 1990 இல் வெளியேற்றப்பட்டுத் திரும்பிவந்த முஸ்லிம் வணிகர் ஆகியோர் இல்லாத அவையில் பேசப்படும் பொருளாதாரம் பாதிப் பொருளாதாரமே. நிலமும் நன்னீர்க் கிணறும் யாருடையவை என்ற கேள்வியைத் தவிர்த்துக்கொண்டு கூட்டுறவு பற்றிப் பேசியவர்களை இந்நிலம் நிறையக் கண்டிருக்கிறது.

இனி எம் சொந்த வீட்டைப் பார்ப்போம். 1974 இல் யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டு அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. பொருளியல், புவியியல், வணிகம், விவசாயம், பொறியியல் என்று துறைகள் பெருகியுள்ளன. ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான ஆய்வேடுகள் எழுதப்பட்டு, கட்டப்பட்டு, அடுக்கப்பட்டுத் தூசு படிகின்றன. அவற்றுட் பல ஆங்கிலத்தில் இருப்பதால் பிரதேச சபைத் தவிசாளர் படிக்கமாட்டார். தமிழில் இருப்பவற்றை அவருக்கு யாரும் அனுப்புவதில்லை. பரமேஸ்வராச் சந்தியிலிருந்து திருநெல்வேலிச் சந்தை நடந்துபோகும் தூரத்தில் உள்ளது. அங்கு ஒரு நாளில் எத்தனை கிலோ மரக்கறி இறங்குகிறது, அதில் எவ்வளவு தம்புள்ளையிலிருந்து வருகிறது, கழிவாக எவ்வளவு போகிறது என்பதை ஓர் ஆண்டு முழுவதும் நாள்தோறும் எண்ணிப் பதிந்த ஏடு எம் நூலகத்தில் இருக்கவேண்டாமா? எடையும் விலையும் எழுத ஒரு கொப்பியும் அதிகாலையில் எழும்பும் பழக்கமும் போதும். வரும் பெரும்போகத்தில் இப்பணியைத் தொடங்கச் சம்மதிக்கும் இருபது மாணவரும் மூன்று விரிவுரையாளரும் கிடைத்தால், பெறப்படும் கணக்கைப் பதினேழு சபைகளின் தவிசாளர்களுக்கும் முதல்வருக்கும் ஒரே நாளில் கையளித்து, கழிவு நிறுத்தத்துக்கான திகதியை அவர்களிடம் எழுத்தில் கேட்போம்.